நானா தோட்டத்துக்குப் போயிருக்கிறார்

கணினி தானாக எழுந்துகொள்ளாது. அடும் என்கிற கடைத்தெருவில் என் கடைக்கு வருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். "டுஃபி அக்கா, அணைச்சுட்டுத்தான் படுத்தேன், காலைல பார்த்தா அதுவா எரிஞ்சுக்கிட்டு இருக்கு, என் மாமியார் ஏதோ வெச்சுட்டா" என்று கண்ணை உருட்டிக்கொண்டு வருவார்கள். சிலர் அதற்கு முன்பே போதகரிடம் கொண்டுபோய், அவர் ஜெபித்து எண்ணெய் தடவி, எண்ணெய் விசைகளுக்கு இடையில் இறங்கி, எல்லாம் கெட்ட பிறகு என்னிடம் வருவார்கள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். எழுப்பியது மவுஸாக இருக்கும். மேசையில் லாரி அதிர்ந்தால்கூட அசைகிற மவுஸ். இல்லையென்றால் நெட்வொர்க் அட்டை. இல்லையென்றால் ஏதாவது ஒரு மென்பொருள், இத்தனை மணிக்கு எழுப்பு என்று சொல்லிவைத்திருக்கும். அமைப்புகளில் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டால் செய்வினை போய்விடும்.

அதில் ஆழ்ந்த தூக்கம் என்று ஒன்று உண்டு. மின்சாரம் போய், பேட்டரியும் தீரப்போகிறது என்றால், கணினி தன் நினைவில் இருப்பதையெல்லாம் அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டு அணைந்துவிடும். பிறகு எழுப்பினால் விட்ட இடத்தில் தொடரும். நடுவில் ஒரு நாள் போயிருக்கலாம், ஒரு மாதம் போயிருக்கலாம். தான் தூங்கியதே அதற்குத் தெரியாது. மூடுவதற்கு முன் யார் எதிரில் இருந்தார்களோ அவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊர்த் தலைவர் நானாவின் கணினி அப்படித்தான் எழுந்தது. அதற்கும் நான் காரணம் கண்டுபிடித்தேன். எல்லாவற்றுக்கும் கண்டுபிடித்தேன், ஒன்றைத் தவிர.

ஒச்சியாமே டார்க்வா என் கடைக்கு வந்தபோது கையில் எப்போதும் இருக்கும் பொற்பூண் போட்ட தடி இல்லை. அதுவே எனக்கு விசித்திரமாக இருந்தது. ஒச்சியாமே என்றால் எங்கள் ஊர்த் தலைவரின் வாய். தலைவரான நானா அம்போன்சா சபையில் யாரிடமும் நேராகப் பேசமாட்டார். அவர் மெதுவாகச் சொல்வதை ஒச்சியாமே ஊருக்கு உரக்கச் சொல்வார். நாம் சொல்வதையும் ஒச்சியாமேயிடம்தான் சொல்ல வேண்டும், நானா அரையடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி. அப்படிப்பட்ட மனிதர் ஒரு கசங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு, ட்ரோட்ரோ என்கிற கூட்ட வேனில் இடிபட்டு, என் கடை முக்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"நானாவோட லேப்டாப் தானா முழிச்சுக்குதும்மா."

"கொண்டுவந்திருக்கலாமே மாமா? இதுக்கா வெறுங்கையோட இவ்வளவு தூரம்?"

"அதை எடுத்துட்டு வர முடியாது."

"அப்ப நானாகிட்ட சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்குறேன். அவரு எப்படி இருக்காரு? முட்டி வலி குறைஞ்சுதா?"

அவர் எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்தினார்.

"நானா தோட்டத்துக்குப் போயிருக்காரு" என்றார்.

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். எங்கள் ஊரில் தலைவர் செத்துப்போனார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்பார்கள். அவருக்கும் மேற்பட்ட பெரிய தலைவரிடம் மதுப்புட்டியோடு போய் முறைப்படி சொல்லி, அவர் அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் ஊருக்குச் சொல்லலாம். அதுவரை யாரும் கறுப்பு கட்டக்கூடாது, வாய்விட்டு அழக்கூடாது. பெரிய தலைவரோ வைத்தியத்துக்கு வெளிநாடு போயிருந்தார். ஆக, நானா தோட்டத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

"பிராகோவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியக்கூடாது."

பிராகோ நானாவின் மகள். எனக்கு ஒரே பெஞ்சுத் தோழி. அவள் கணக்குப் போடுவாள், நான் பார்த்து எழுதுவேன். இப்போது வடக்கே டமாலேயில் கணவனோடு இருந்தாள், நிறைமாதம். ஆனால் எங்களில் பிள்ளைகள் தாயின் குலம். நானாவின் ஆசனம் அவருடைய தாய்வழி ஆட்களுக்குச் சொந்தம். அவர் பெற்ற மகளாகவே இருந்தாலும் அந்த விஷயத்தில் பிராகோ வெளியாள். அவளுக்குக் கடைசியில்தான் சொல்வார்கள்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒச்சியாமே ஊரின் பெரிய சத்தியத்தை என்னிடம் வாங்கினார். அதைச் செய்துவிட்டு மீறினால் என்ன ஆகும் என்று சின்ன வயதிலிருந்தே எங்களைப் பயமுறுத்தி வளர்த்திருக்கிறார்கள். நான் படித்தவள், சர்க்யூட் பலகையோடு மல்லுக்கட்டுகிறவள், ஆனாலும் அந்த வார்த்தைகளைத் திக்கித் திக்கித்தான் சொன்னேன்.

அரண்மனை என்று பெயரே தவிர, தகரக் கூரை போட்ட பெரிய வீடுதான். நானாவின் அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே அவருடைய சாய்வு நாற்காலி, அதற்கு எதிரே மேசையில் திறந்தபடி லேப்டாப். சுவரோரம் ராணித்தாய் உட்கார்ந்திருந்தார். அவர் நானாவின் கூடப் பிறந்த அக்கா. அழாமல் இருந்து இருந்து அவர் முகம் கல்லாக இறுகிப்போயிருந்தது.

ஒச்சியாமே தரையில் கொஞ்சம் மது ஊற்றி, தொடப்போகிறோம் என்று நானாவிடம் சொன்னார். அவர் போன பிறகு அவருடைய பொருளை யாரும் தொடக்கூடாது. அதனால்தான் இவ்வளவு நாளும் சார்ஜரைக்கூடப் பிடுங்காமல் விட்டிருக்கிறார்கள்.

"கம்ப்யூட்டர்கிட்டயும் உங்க வழியாத்தான் பேசணுமா மாமா?" என்றேன். பயந்தால் எனக்கு வாய் நீளும்.

"அவரு நாற்காலிக்கு முன்னாடி நிக்கிற. வாயை அடக்கு."

அடக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். மவுஸ் இல்லை. நெட்வொர்க் அட்டைக்கு எழுப்பும் உரிமை இல்லை. காலண்டரில் இருந்தது காரணம்: தினமும் மாலை நான்கு மணிக்கு எழுப்பு, வீடியோ அழைப்பைத் திற. நானாவே வைத்தது. பிராகோ தினமும் அந்த நேரத்தில் கூப்பிடுவாள். விரல்கள் மடங்காத மனிதர், அழைப்பைத் தானாகவே எடுக்கும்படியும் வைத்திருந்தார். மகளோடு பேச மட்டும் அவருக்கு ஒச்சியாமே தேவைப்படவில்லை போலிருக்கிறது.

"இவ்வளவுதான். டிக்கை எடுத்துட்டா தீர்ந்துச்சு" என்றேன். எனக்கே நிம்மதியாக இருந்தது.

"நாலு மணி ஆகட்டும். முழுசாப் பாரு" என்றார் ஒச்சியாமே.

நான்கு மணிக்கு விசிறி சுழலும் சத்தம் வந்தது. திரை கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்து பிறகு எரிந்தது. மூலையில் பழைய தேதி. இணையம் வந்து சரிசெய்யும் வரை அது அந்தக் கடைசி மாலையிலேயே நின்றது. அழைப்பு மணி அடித்தது, தானாகவே எடுத்துக்கொண்டது. திரை நிறையப் பிராகோ, உப்பிய முகத்தோடு. மூலையில் நம்மை நமக்குக் காட்டுகிற சின்னக் கட்டம் இருக்குமே, அதில் எதிரே இருந்த காலி நாற்காலி தெரிந்திருக்க வேண்டும்.

அதில் நானா இருந்தார்.

நீல நிற வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். காலி. கட்டத்தைப் பார்த்தேன். நானா.

"நானா, இன்னிக்கும் சத்தம் வரல" என்றாள் பிராகோ. "படமும் அப்படியே நிக்குது. உங்க ஊர் நெட்வொர்க்கை ஆத்துல தூக்கிப் போடணும். பரவால்ல, முகத்தைப் பார்த்தாச்சுல்ல. நான் பேசுறேன், நீங்க கேளுங்க." பேசினாள். கால் வீக்கம், டாக்டரம்மாவின் சிடுசிடுப்பு, கணவன் செய்த உப்பில்லாத சூப் என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துக் கையாட்டிவிட்டுப் போனாள்.

நாற்காலியை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தேன், காலிதான். ஆனாலும் காரணம் சொன்னேன். சொல்லாவிட்டால் நான் அந்த அறையை விட்டு ஓடியிருப்பேன். அந்தக் கடைசி மாலை அவர் மகளோடு பேசிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருக்கிறது. பேட்டரி தீரப்போகும் நேரத்தில் கணினி ஆழ்ந்த தூக்கத்துக்குப் போயிருக்கிறது, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே. எழுந்த பிறகு கேமராவை இயக்கும் மென்பொருள் சிக்கிக்கொண்டு கடைசியாகப் பார்த்ததையே காட்டுகிறது. மைக்கும் அதேபோல எழவில்லை, சிவப்புக் கோடு போட்டுக் கிடக்கிறது. தூக்கத்திலிருந்து எழும் கணினிகளில் இதெல்லாம் அன்றாடம் பார்ப்பதுதான். ஒருமுறை முழுதாக அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

"சரியாயிட்டா, அந்த முகம்?" என்று கேட்டார் ராணித்தாய். அவர் அன்று பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"போயிடும்மா. நாற்காலிதான் தெரியும்."

அவரும் ஒச்சியாமேயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒச்சியாமே தொண்டையைச் செருமினார்.

"போகக்கூடாது."

விஷயம் இதுதான். பிள்ளை பிறந்தால் எட்டாம் நாள் விடியலில் பெயர் வைப்போம். பெயர் வைப்பது தகப்பனின் உரிமை. பிராகோவின் கணவன் ஆசையாகக் கேட்டிருந்தான், பையன் பிறந்தால் அம்போன்சா என்று மாமனார் பெயரையே வைக்கிறேன், நானாவே வீடியோவில் வந்து அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று. நானாவும் சரி என்றிருந்தார். அன்று அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் டமாலேயில் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவன். சாயங்காலத்துக்குள் நாடு முழுக்கத் தெரிந்துவிடும். பெரிய தலைவருக்குச் சொல்வதற்கு முன் ரேடியோ சொன்னால் எங்கள் ஊருக்கு ஏழு தலைமுறைக்கும் தலைகுனிவு.

"முகம் அங்க நிக்கட்டும். நெட்வொர்க் சரியில்லன்னு நினைச்சுக்குவாங்க. நான் பக்கத்துல உக்காந்து அவருக்காகப் பேசுறேன். எப்பவும் நான்தானே பேசுவேன்?" என்றார் ஒச்சியாமே.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். பேசாத தலைவர், அவருக்காகப் பேசும் வாய், எப்போதும் உறைந்து நிற்கும் நெட்வொர்க். இந்த ஊரில் மட்டும்தான் செத்தவரை இவ்வளவு சுலபமாக உட்கார வைக்க முடியும்.

"மாமா, பேர் வைக்கிற அன்னிக்குக் குழந்தை நாக்குல என்ன வெச்சு என்ன சொல்லுவோம்? தண்ணிய வெச்சு, தண்ணின்னா தண்ணின்னு சொல்லுன்னு சொல்லுவோம். சாராயத்த வெச்சு, சாராயம்னா சாராயம்னு சொல்லுன்னு சொல்லுவோம். அந்தப் பிள்ளைக்கு உண்மை பேசக் கத்துக்குடுக்குற அன்னிக்கா இதைச் செய்யச் சொல்றீங்க?"

"சத்தியம் பண்ணியிருக்க, டுஃபி."

ராணித்தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு மட்டும் நெஞ்சு இல்லையாடி? என் தம்பி அவன். நான் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. விட உரிமை இல்ல" என்றார். சரி, மைக்குக்கு வழி பார்க்கிறேன் என்றேன்.

பிராகோவுக்கு அறுவை செய்து பையன் பிறந்தான். அன்று கடையில் இருந்தபோது என் போனுக்கே கூப்பிட்டாள்.

"ஏண்டி டுஃபி, நானா என்மேல கோவமா இருக்காராடி?"

"அவருக்கென்ன கோவம்? பைத்தியம்."

"பையன் பொறந்துட்டான்னு சொல்றேன், மூஞ்சில ஒரு சிரிப்பு இல்ல. தினமும் கேட்டுக்கிட்டே இருக்காரு, ஒரு வார்த்தை இல்ல. ஒரு நட ஊருக்குப் போய் அந்த லேப்டாப்பைப் பாரேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"பாத்துட்டேன். மைக் போச்சு. அதான் சத்தம் வரல. பேர் வைக்கிற அன்னிக்குள்ள சரி பண்ணிடுறேன்."

ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு சாப்பிட வாங்கி வைத்திருந்த கென்கேயைத் தொட முடியவில்லை, நாய்க்குப் போட்டேன். என் மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பெயர் வைப்பதற்கு முந்தின நாள் ஒத்திகைக்கு அரண்மனைக்குப் போக வேண்டியிருந்தது. மைக்கைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கணினியை அணைத்துப்போட வேண்டும், அணைத்தால் முகம் போய்விடும். அதனால் வெளியிலிருந்து ஒரு மைக்கைக் கம்பியோடு கொண்டுபோய்ச் செருகினேன். வேலை செய்தது. ஒருமுறை தூங்கவைத்து எழுப்பிப் பார்க்கலாமென்று எழுப்பினேன்.

கட்டத்தில் நானாவின் தாடை கொஞ்சம் உயர்ந்திருந்தது.

முன்பு நேராகப் பார்த்தார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேமரா சில கணங்களைச் சேர்த்து வைத்திருக்கும், ஒவ்வொரு முறை எழும்போதும் அடுத்ததைக் காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு இன்னொரு முறை தூங்கவைத்து எழுப்பினேன். நெற்றியில் இருந்த கண்ணாடி இப்போது கண்ணில் இருந்தது. சில கணங்களில் ஒரு மனிதர் கண்ணாடியை இறக்கிக்கொள்ள முடியாதா? முடியும். ஆனால் அந்தக் கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. நான் நின்றிருந்த பக்கம் திரும்பியிருந்தன. ஓரடி நகர்ந்து நின்றேன். படம் அசையவில்லை, கண்கள் அதே பக்கம்தான். நகர்ந்த பிறகும் என்னைத்தான் பார்க்கிறார் என்று தோன்றியது. அதன் பிறகு நான் எழுப்பவில்லை. மைக்கைப் பிடுங்கினேன். கம்பியில் செருகிய எதுவும் இரவில் கணினியை எழுப்பிவிடக்கூடும், எழுப்பினால் இன்னொரு முகம் செலவாகிவிடும் என்று பயம். முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து அறையை விட்டு வெளியே வந்தேன். மரியாதைக்காக என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பெயர் வைக்கும் நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் ஒச்சியாமே தடியோடு, நல்ல வேட்டி கட்டி, நாற்காலிக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். ராணித்தாய் அதே சுவரோரம். வெளி முற்றத்தில் பெண்கள் பெருக்கும் சத்தம் கேட்டது. நான் கணினியை எழுப்பினேன். கறுப்பு, பிறகு வெளிச்சம். கட்டத்தில் நானா. வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ சொல்லத் தொடங்குகிற மாதிரி. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

டமாலேயில் அறை நிறைய ஆட்கள். கட்டிலில் தலையணையில் சாய்ந்து பிராகோ, மடியில் வெள்ளைத் துணியில் குழந்தை. பக்கத்தில் இரண்டு கிண்ணங்கள். அவள் கணவன் குனிந்து, "நானா, எல்லாரும் காத்திருக்கோம்" என்றான்.

ஒச்சியாமே தொண்டையைச் செருமிக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல குரல். "நானா சொல்கிறார். இந்த விருந்தாளி நம் வீட்டுக்கு வந்திருக்கிறான். வந்தவன் தங்கட்டும். தன் பெயரை அவனுக்குத் தருகிறேன் என்று நானா சொல்கிறார். அம்போன்சா. அம்போன்சா. அம்போன்சா."

சொல்லி நிறுத்தினார். பிராகோ தலையாட்டுவாள் என்று பார்த்தேன். அவள் ஆட்டவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்தானே? அப்படித்தான் இருந்தது அவள் முகம்.

"சரி, நானா" என்றாள்.

ஒச்சியாமே என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். மைக் குறியின் மேல் சிவப்புக் கோடு. குனிந்தேன். வெளி மைக்கின் கம்பி பாயின் மேல் என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. இரவு எழுப்பிவிடும் என்று பிடுங்கிப்போட்டவள் திரும்பச் செருகவே இல்லை. ஒச்சியாமே சொன்னதில் ஓர் எழுத்துகூட அந்த அறையைத் தாண்டிப் போகவில்லை.

"எப்போ?" என்றாள் பிராகோ.

கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அன்னிக்கு லைட் போச்சே, அப்பவா? நான் நெட்வொர்க்தான் போச்சுன்னு நினைச்சேன்."

மறுபடி கேட்டாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை. "வலிச்சுதா?" என்றாள். பிறகு, "ம்" என்றாள். "ம். சரி. தனியா இருந்தீங்களே."

நான் கட்டத்தைப் பார்க்கவில்லை. இன்றுவரை அதற்காக வருத்தமும் படவில்லை.

அவள் கணவன் குழம்பிப்போய், "யார்கிட்ட பேசுற? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றான். அவள் கையை உயர்த்தி அவனை அடக்கினாள். கிண்ணத்துத் தண்ணீரில் விரலைத் தோய்த்துக் குழந்தையின் நாக்கில் வைத்தாள்.

"தண்ணின்னா தண்ணின்னு சொல்லு." மற்றக் கிண்ணத்தில் தோய்த்து வைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்தது. "சாராயம்னா சாராயம்னு சொல்லு. உன் பேரு அபாபியோ."

அபாபியோ என்றால் திரும்பி வந்தவன். போனவர் ஒருவர் அந்தக் குழந்தையாகத் திரும்பி வந்தார் என்று நம்பினால் வைக்கிற பெயர். தாத்தா உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் அதை வைக்க மாட்டார்கள்.

"அம்போன்சான்னுதானே பேசி வெச்சோம்?" என்றான் கணவன்.

"அவரு இப்பத்தான் இந்தப் பேரைச் சொன்னாரு."

ராணித்தாய் எழுந்து நின்றிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, கம்பியை எடுத்துச் செருகினேன். சிவப்புக் கோடு மறைந்தது.

"பிராகோ," என்றார் ஒச்சியாமே. அவருடைய சபைக் குரல் எங்கே போயிற்றோ. "வேற என்னம்மா சொன்னாரு?"

திரையில் அவள் திடுக்கிட்டாள். "ஒச்சியாமேவா? நீங்களும் இருக்கீங்களா? இப்பத்தான் உங்க குரலே கேக்குது."

"வேற என்ன சொன்னாரு?"

"இனிமே அவரு பேரால நீங்க பேச வேண்டாம்னாரு." குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "டுஃபி அங்கதான் நிக்கிறா, அவளைத் திட்டாதேன்னாரு. ஏய் டுஃபி, நீ ஒண்ணும் சொல்லலடி. யாரும் சொல்லல. அவரே சொல்லிட்டாரு. உன் சத்தியம் அப்படியேதான் இருக்கு."

கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

"அத்தை பக்கத்துல இருக்காங்களா?" என்றாள். "அவங்கள அழச் சொன்னாரு."

ராணித்தாய் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு தலைத்துணியை உருவி எறிந்தார். அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன் எங்கும் கேட்டதில்லை. இவ்வளவு நாளும் அடக்கி வைத்த மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. முற்றத்தில் பெருக்கும் சத்தம் நின்றது. துடைப்பம் விழும் சத்தம் கேட்டது. பிறகு அங்கே ஒருத்தி தொடங்கினாள், சுவருக்கு அப்பால் இன்னொருத்தி, அதற்கு அப்பால் தெருவில். எந்தப் பெரிய தலைவருக்கும் எந்த ரேடியோவுக்கும் காத்திருக்காமல் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

ஒச்சியாமே தடியைப் பாயின் மேல் கிடத்திவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் அப்போதுதான் கட்டத்தைப் பார்த்தேன். கேமரா சரியாகியிருந்தது. காலி நாற்காலி தெரிந்தது, அதன் பின்னால் மார்பில் அடித்துக்கொள்ளும் ராணித்தாய், ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நான். யாரும் எதையும் அணைத்துப் போடவில்லை. அதற்கு எனக்குக் காரணம் தெரியாது.

பிராகோ எங்களைப் பார்த்துவிட்டாள். "அணைச்சுடு டுஃபி" என்றாள். "தூங்க வைக்காதே. அணைச்சுடு."

அணைத்தேன். விசிறி சுழன்று ஓயும் வரை நின்றேன். பிறகு சார்ஜரைப் பிடுங்கி, கம்பியைச் சுருட்டி, மூடியைச் சாத்தினேன்.